ட்ரெட் ஓரத்தில் ஸ்க்ரூ ஏறிய டியூப்லெஸ் டயர்: மஷ்ரூம் பேட்ச் போதுமா, மாற்றியே ஆகணுமா?

வைகைக்கரை:
வணக்கம். டயர் அளவு 185/65 ஆர் 15, டியூப்லெஸ், ட்ரெட் (தரையில் படும் வரிப்பள்ளப் பகுதி) ஆழம் இன்னும் 5 மி.மீ. இருக்கிறது. பின்பக்க வலது டயரில், ட்ரெட் விளிம்பிலிருந்து ஏறக்குறைய 3 செ.மீ. உள்ளே ஒரு ஸ்க்ரூ சாய்வாக ஏறிவிட்டது. பஞ்சர் கடையில் டயரைக் கழற்றாமலே ஸ்ட்ரிப் (வெளியிலிருந்து ஓட்டைக்குள் திணிக்கும் ரப்பர் நாடா) போட்டார்கள். ஒன்று நிற்கவில்லை என்று அதே ஓட்டையில் இரண்டாவதும் போட்டார்கள். இப்போது 33 பி.எஸ்.ஐ. பிடித்தால் ஒரு வாரத்தில் 29-க்கு வந்துவிடுகிறது. ஒரு கடையில் மஷ்ரூம் பேட்ச் (காளான் மாதிரி தண்டோடு, உள்ளிருந்து ஒட்டும் பேட்ச்) போதும் என்கிறார்கள், இன்னொரு கடையில் டியூப் போட்டுவிடலாம் என்கிறார்கள், மூன்றாவது கடையில் புது டயர்தான் என்கிறார்கள். அடுத்த மாதம் ஐந்து பேருடன் சென்னையிலிருந்து மதுரை போகணும். யார் சொல்வது சரி?

நாற்கரச்சாலை:
முதலில் அந்த 4 பி.எஸ்.ஐ. உண்மையான கசிவுதானா என்று பாருங்கள். வண்டி ஓடிச் சூடான டயரில் 33 பிடித்தால், மறுநாள் காலை ஆறியபின் 30 காட்டும். அது கசிவு இல்லை. நான்கு டயரையும் காலையில் வண்டி எடுக்கும் முன் ஒரே கேஜில் அளந்து, மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி அளங்கள். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் கசிவு உறுதி.

அடுத்து சோப்புத் தண்ணீர். ஸ்ட்ரிப் போட்ட இடத்தோடு நிறுத்தாமல் வால்வு ஊசி, வால்வின் அடிப்பகுதி, ரிம்மும் டயரும் சேரும் வளையம் எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். பழைய அலாய் ரிம்மில் உட்கார்ந்திருக்கும் அரிப்பாலும், இறுகிப்போன ரப்பர் வால்வாலும் இதே வேகத்தில் காற்று இறங்கும். அப்படியானால் பேட்ச் போட்டும் பயன் இல்லை.

ஸ்ட்ரிப்பில்தான் நுரை வருகிறது என்றால், மூன்று கடைக்காரர்களில் ஒருவரும் இன்னும் பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஸ்க்ரூ சாய்வாக ஏறியிருக்கிறது. வெளியே 3 செ.மீ. உள்ளே தெரிந்தாலும், அதன் முனை டயருக்குள் எங்கே வந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. விளிம்பு நோக்கிச் சாய்ந்திருந்தால் உள்ளே அது ஷோல்டர் பகுதியில், அதாவது ட்ரெட்டும் டயரின் பக்கச் சுவரும் (சைடுவால்) சேரும் வளைவில், வந்திருக்கும். ட்ரெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டீல் கம்பிப் பட்டையின் (பெல்ட்) ஓரம் முடிவது அங்கேதான், ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் மடங்கி நிமிர்வதும் அங்கேதான். எந்தப் பேட்சும் அங்கே ஒட்டி நிலைக்காது. ரிம்மிலிருந்து கழற்றி உள்ளே பார்க்காமல் "போடலாம்" என்றோ "முடியாது" என்றோ சொல்பவரின் சொல்லை ஏற்காதீர்கள்.

கைவினை_டயர்:
மேலே சொன்னது சரி. கழற்றியபின் மூன்று விஷயம் பார்க்கணும்.

ஓட்டையின் அளவு. கார் டயருக்கு 6 மி.மீ. தான் எல்லை. இரண்டு ஸ்ட்ரிப் நுழைந்திருக்கிறது என்பதே எனக்குக் கவலையாக இருக்கிறது. ஸ்ட்ரிப் போடும்போது குடையும் முள்ளரம், ஸ்டீல் கம்பிகளை அறுத்துக்கொண்டே ஓட்டையைப் பெரிதாக்கும். பழைய ஸ்ட்ரிப்பை உருவிவிட்டு 6 மி.மீ. ட்ரில் பிட்டை நுழைத்துப் பாருங்கள். அது தளர்வாகப் போய்வந்தால் அந்த டயரை விட்டுவிடலாம். இரண்டாவது, ஓட்டை சுற்றிலும் துரு. ஈரம் பெல்ட்டுக்குள் போயிருந்தால் ரப்பர் கம்பியை விட்டுப் பிரிந்து, நாளடைவில் ட்ரெட் புடைக்கும். மூன்றாவது, காற்றில்லாமல் ஓட்டிய அடையாளம்: உள்ளே கரித்தூள் மாதிரி ரப்பர் பொடி, சைடுவாலைச் சுற்றி வளையமாகத் தேய்ந்த கோடு, சுருங்கிய இன்னர் லைனர் (காற்றைப் பிடித்துவைக்கும் உள் ரப்பர் அடுக்கு). இதில் ஒன்று இருந்தாலும் ரிப்பேர் வேண்டாம்.

இதெல்லாம் தேறினால் மஷ்ரூம் போடலாம், ஆனால் முறையாகப் போடணும். கழற்றும் முன் வால்வுக்கு நேரே டயரில் சாக்பீஸால் கோடு. ஸ்க்ரூ போன சாய்விலேயே கார்பைடு கட்டரை ஓட்டி ஓட்டையைச் சுத்தமாக்கணும். உள்ளே பேட்சைவிடக் கொஞ்சம் அகலமாக கிளீனர் போட்டுச் சுரண்டி, குறைந்த வேக பஃபரில் சொரசொரப்பாக்கி, தூசியை உறிஞ்சி எடுக்கணும். ஓட்டைக்குள்ளும் தேய்த்த இடத்திலும் சொல்யூஷன் (ரப்பர் பசை) தடவி, விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் வரை தானாக உலரவிடணும். மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும், மழைக்காலத்தில் இன்னும் அதிகம். தீ வைத்து உலர்த்துவதை அனுமதிக்காதீர்கள். பிறகு தண்டை உள்ளிருந்து வெளியே இழுத்து, ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, ஓரத்தில் சீலர் தடவி, வெளியே நீட்டியதை ட்ரெட் மட்டத்துக்கு வெட்டணும். காற்றுப் பிடித்துச் சோப்புத் தண்ணீர், அதன்பின் பேலன்சிங்.

பேட்ச் கழன்று வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டே: சரியாகப் பஃப் செய்யாதது, சொல்யூஷன் உலரும் முன் ஒட்டியது. சாய்வு 25 டிகிரிக்கு மேல் என்றால் ஒரே துண்டு மஷ்ரூம் சரியாக உட்காராது. தண்டு தனி, பேட்ச் தனி என்று போடணும்.

ஆணிமுனை:
டியூப் யோசனையை இந்தப் பயணத்துக்கு முற்றிலும் ஒதுக்குங்கள். டியூப்லெஸ் டயரின் உட்புறம் டியூப் உரசுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அங்குள்ள மேடுகளும் லேபிளும் டியூபைத் தேய்க்கும், டயருக்கும் டியூபுக்கும் இடையே சிக்கும் காற்றும் உரசலும் சூட்டைக் கூட்டும். இதைவிடப் பெரிய ஆபத்து, அடுத்த ஆணி ஏறும்போது வரும். டியூப்லெஸ்ஸில் ஆணி அப்படியே அடைத்துக்கொண்டு மெதுவாகக் காற்று இறங்கும். டியூபில் ஆணி ஏறினால் வால்வுத் துளை வழியாகக் காற்று சட்டென்று வெளியேறிவிடும். ஐந்து பேரோடு 100 கி.மீ. வேகத்தில் அது நடக்கக் கூடாது.

வழிக்கு: ஆணி ஏறியது தெரிந்தும் காற்று நிற்கிறது என்றால் அங்கேயே பிடுங்காதீர்கள். காற்றை ஏற்றி, மெதுவாக ஓட்டி, கழற்றிப் பார்க்கும் கடைக்குப் போங்கள். புது கார்களில் ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் டிக்கியைத் திறந்து பாருங்கள். டியூப்லெஸ் டயர், டயர் அழுத்தம் காட்டும் கருவி, ரிப்பேர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020 அக்டோபர் முதல் விதி மாறியிருக்கிறது. கிட்டில் உள்ள சீலன்ட் பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு. ட்ரெட்டில் உள்ள சிறு ஓட்டைக்கு மட்டுமே அது, சைடுவாலுக்கு அல்ல. ஊற்றியிருந்தால் கழற்றும் முன் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அதை முழுக்கத் துடைக்காமல் பேட்ச் ஒட்டாது.

வைகைக்கரை:
நன்றி. டயர் தேறவில்லை என்றால் ஒன்று மட்டும் வாங்கலாமா, ஜோடியாகத்தான் வாங்கணுமா?

கைவினை_டயர்:
மற்றவை 5 மி.மீ. இருப்பதால் ஒன்று போதும். அதே அளவு, அதே மாடல், அதே லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) கேளுங்கள். புதியதையும், மீதியில் ட்ரெட் அதிகம் உள்ள ஒன்றையும் பின்பக்கம் போடுங்கள். முன்வீல் டிரைவ் காருக்கும் இதுவே. மழையில் பின்பக்கம் வழுக்கினால் ஸ்டீயரிங்கால் பிடிப்பது கடினம். சைடுவாலில் நான்கு இலக்கம் பாருங்கள்: முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். ஸ்டெப்னி ஒருமுறையும் ஓடாதது என்றாலும் அதன் தேதி பழையதாக இருந்தால் அதை நிரந்தரமாக மாட்டாதீர்கள். நட்டுகளை எதிரெதிராக, மேனுவலில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓட்டியபின் மறுபடி ஒருமுறை சரிபார்க்கணும். அதனால் இந்த வேலையைப் பயணத்துக்கு முந்தைய நாளுக்குத் தள்ளாமல் ஒரு வாரம் முன்பே முடியுங்கள்.