அச்சு வந்த பிறகும் கையால குட்டிப் புத்தகம் எழுதின எஸ்தர் இங்கிலிஸ், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மைப்புள்ளி:
எல்லாருக்கும் வணக்கம். காலிகிராஃபி, அதாவது அலங்காரக் கையெழுத்து, பழகிட்டு இருக்கேன், அதுலயும் பொடி எழுத்துதான் ரொம்ப இஷ்டம். அதைப் பத்தி தேடும்போது எஸ்தர் இங்கிலிஸ்னு ஒரு பேர் வந்துச்சு, 1600 வாக்குல ஸ்காட்லாந்து எடின்பரோல இருந்தவங்க, உள்ளங்கைக்குள்ள அடங்குற புத்தகமா எழுதி ராணி முதலாம் எலிசபெத் வரைக்கும் குடுத்திருக்காங்க. எனக்கு என்ன புரியலன்னா, அச்சு வந்து அப்பவே 150 வருஷம் ஆகுது, பைபிள்ல வர்ற சங்கீதம்ங்கிற துதிப்பாட்டெல்லாம் அச்சுலயே கிடைக்குது, அதையே எதுக்கு உட்கார்ந்து கையால எழுதணும்? யாரு காசு குடுத்தா? ஒரு பொண்ணு இதை எங்க போய் கத்துக்கிட்டாங்க?

ஓலைக்கட்டு:
கத்துக்கிட்டது வீட்லயேதான். அப்பா நிக்கோலா லாங்லுவா, அம்மா மரி ப்ரெசோ, ரெண்டு பேரும் பிரான்ஸ்ல இருந்து ஓடி வந்த ப்ராட்டஸ்டன்ட்டுங்க, அங்க அவங்க மதத்துக்காரங்களை வாழவே விடாத காலம். 1570களோட நடுவுலயே எடின்பரோ வந்து சேர்ந்துட்டாங்க. அப்பா அங்க பிரெஞ்சு ஸ்கூல் நடத்தினார், அதுக்கு ஸ்காட்லாந்து ராஜா ஆறாம் ஜேம்ஸ் மானியம் குடுத்தார். அம்மாவே நல்ல காலிகிராஃபர், பொண்ணுக்குப் பேனா பிடிக்கக் கத்துக்குடுத்தது அவங்கதான். இதை நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா நிறைய பேர் அப்பாவைப் பத்தி மட்டும் சொல்லிட்டு அம்மாவை விட்டுடறாங்க. 1596 வாக்குல பார்த்தலமியு கெல்லோன்னு ஒருத்தரை கட்டிக்கிட்டாங்க, அவருக்கும் ராஜா ஆபீஸ்ல எழுத்து வேலை. ஆனா புத்தகத்துல கையெழுத்துப் போடும்போது புருஷன் பேரைப் போடல, பொறந்த வீட்டுப் பேர்தான், ஸ்காட்லாந்துல அப்ப அதுதான் வழக்கம்.

தையல்முதுகு:
நான் புத்தகம் பைண்டிங் பண்றவ, அதனால வேலைப்பாட்டைப் பத்தி சொல்றேன் தோழி. அவங்க கைப்பிரதி சுமார் 60 இன்னைக்கும் இருக்கு. சிலது ரெண்டு இஞ்ச் அகலம்கூட இல்ல, எழுத்தோட உயரம் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், அதுக்குள்ள ரோமன், இட்டாலிக்னு மாத்தி மாத்தி எழுதியிருப்பாங்க. 1599ல எர்ல் ஆஃப் எஸ்ஸெக்ஸ்ங்கிற இங்கிலாந்துப் பிரபுவுக்குக் குடுத்த, பைபிள் நீதிமொழிகள் எழுதின புத்தகத்துல ஏறத்தாழ 40 விதமான எழுத்து இருக்கு, அது இப்ப ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்துல இருக்கு. நீங்க கேட்ட அச்சு விஷயத்துக்கு பதிலே இங்கதான் இருக்கு, அவங்க அச்சை ஒதுக்கல, அச்செழுத்தையே பேனாவால அப்படியே கொண்டு வந்தாங்க, முகப்புப் பக்க பார்டர் உட்பட. அச்சுப் புத்தகம் நூறு பேர் கையில இருக்கும், இது ஒருத்தருக்குன்னே எழுதினது, உள்ள அவங்க பேர் போட்டு சமர்ப்பணம் இருக்கும், அதுக்குத்தான் மதிப்பு. சில புத்தகத்துக்கு மேலட்டை வெல்வெட், அது மேல எம்பிராய்டரி பண்ணி பொடி முத்து தைச்சிருக்கும், அதையும் அவங்களேதான் தைச்சிருப்பாங்கன்னு ஆராய்ச்சி பண்றவங்க நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்புறம் 1606, 1607 பக்கம் வந்தா கலருக்கு மாறிடும், பக்கத்துக்குப் பக்கம் பூவா வரைஞ்சிருப்பாங்க.

நடுப்பக்கம்:
வேலை அருமைதான், மறுக்கல. ஆனா காசு விஷயத்தையும் பேசணும்ல. பாதிப் புத்தகம் யாரும் ஆர்டர் குடுத்து வாங்கினது கிடையாது, புது வருஷப் பரிசுன்னு பெரிய மனுஷங்களுக்குக் குடுத்துட்டு அவங்களா பார்த்து ஏதாவது தருவாங்கன்னு காத்திருக்கிறதுதான். 1599ல எலிசபெத்துக்கு சங்கீதப் புத்தகத்தைக் கொண்டு போனது புருஷன், சன்மானம் வரலன்னு ராணிக்கே லெட்டர் எழுத வேண்டியதாச்சு. பையன் சாமுவேல் படிப்பு முடிச்சதும் அவனுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு அவங்களே ராஜாவுக்கு எழுதியிருக்காங்க. 1624 ஆகஸ்ட்ல சாகும்போது கடன். இவ்ளோ திறமை இருந்தும் மத்தவங்க தயவை எதிர்பார்த்தே வாழ்க்கை போச்சுன்னு நினைச்சா எனக்குக் கோவம்தான் வருது.

தையல்முதுகு:
கோவம் நியாயம்தான் அண்ணா, ஆனா அந்தக் காலத்துல கவிஞர், ஓவியர் எல்லாருமே இப்படித்தான் பிழைச்சாங்க, இவங்களை மட்டும் தனியா பார்க்க வேண்டாம். கை கட்டி நிக்கிறவங்க தன் முகத்தைப் புத்தகத்துக்குள்ள வரைஞ்சு வைப்பாங்களா சொல்லுங்க? இருபதுக்கும் மேல புத்தகத்துல அவங்க உருவப்படம் இருக்கு. கையில பேனா, பக்கத்துல மைக்கூடு, முன்னாடி திறந்த பக்கத்துல, நல்லது கடவுள்கிட்ட இருந்து வருது, என்கிட்ட இருந்து தீயது இல்லன்னா ஒண்ணுமே இல்லங்கிற மாதிரி ஒரு பிரெஞ்சு வரி. வார்த்தை அடக்கமா இருக்கு, ஆனா இதைச் செஞ்சது நான்தான்னு படம் சொல்லிடுது. ஜார்ஜெட் தெ மோந்தெனேன்னு பிரெஞ்சுக் கவிஞர் ஒருத்தர் புத்தகத்துல இருந்த படத்தைப் பார்த்துதான் அந்த போஸ் எடுத்திருக்காங்க. அதே கவிஞர் புத்தகத்துல இருந்த எம்ப்ளம்ங்கிற, கருத்து சொல்ற சின்னப் படங்களைப் பேனாவால நகலெடுத்து, ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு பெரிய மனுஷருக்குன்னு எழுதி, இளவரசர் சார்லஸுக்காக 1624ல ஒரு பெரிய புத்தகமே பண்ணினாங்க, சாகுற வருஷத்துல! அது இப்ப பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு.

மைப்புள்ளி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அந்த அம்மா விஷயம் மனசுல நின்னுடுச்சு ஓலைக்கட்டு சார், மரி ப்ரெசோ எழுதினது ஏதாவது மிஞ்சியிருக்கான்னு தேடப் போறேன். இந்தக் குட்டிப் புத்தகமெல்லாம் ஆன்லைன்ல பார்க்க முடியுமா?

ஓலைக்கட்டு:
தாராளமா பார்க்கலாம்மா. வாஷிங்டன் ஃபோல்ஜர் நூலகத்துல இவங்களோடது பல பிரதி இருக்கு, ஸ்கேன் போட்டிருக்காங்க, 1607 வருஷத்து சின்னப் புத்தகத்தை முதல்ல பாருங்க. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துலயும் இருக்கு. ஜூம் பண்ணி கோட்டோட முனை எப்படி முடியுதுன்னு பாருங்க, பொடி எழுத்து பழகுறவங்களுக்கு அதுலயே நிறைய பாடம் இருக்கு.