கழற்றிவிட்ட மெயின் குடையைப் பாதாம் தோட்டங்களுக்குள் தேடுவது எப்படி?

கேள்வி: வடகாற்று

வணக்கம். கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு ஸ்கைடைவிங் தளத்தில் வார இறுதிகளில் விமானத்திலிருந்து பாராசூட்டுடன் குதித்து வருகிறேன். சென்ற சனிக்கிழமை மெயின் குடை (முதன்மைப் பாராசூட்) விரிந்தபோது கயிறுகள் முறுக்கிக்கொண்டு, குடை வேகமாகச் சுழலத் தொடங்கியது. காலை உதைத்து முறுக்கை அவிழ்க்க முயன்றும் சுழற்சி அடங்காததால், 2,500 அடிக்குச் சற்று மேலேயே வலப்பக்கக் கைப்பிடியை இழுத்து மெயினைக் கழற்றிவிட்டு, உடனே இடப்பக்கக் கைப்பிடியையும் இழுத்தேன். ரிசர்வ் என்னும் மாற்றுக் குடை ஒழுங்காக விரிந்தது. தளத்துக்குள்ளேயே பத்திரமாக இறங்கினேன்.

மெயின் தென்கிழக்கே பாதாம் தோட்டங்களின் மேல் மிதந்து சென்றதைக் கண்டேன். ஆனால் அது தரையைத் தொட்ட இடத்தை நானோ பிறரோ பார்க்கவில்லை. அன்று மாலை நண்பர்களுடன் சாலையோரமாகத் தேடியும் கிடைக்கவில்லை. ரிசர்வ் மடித்து வைக்கப்பட்டிருந்த பையான பிரீபேக்கும், அதை வெளியே இழுக்கும் பைலட் சூட் என்ற சிறு குடையும்கூடக் கிடைக்கவில்லை. என் ஹார்னஸில் (உடலோடு கட்டும் வார்ப்பட்டை அமைப்பு) ஆர்எஸ்எல் (மெயின் கழன்றதும் ரிசர்வைத் திறக்கும் நாடா) உண்டு, ஸ்கைஹூக் (கழன்ற மெயினைக் கொண்டே ரிசர்வை வெளியே இழுக்கும் அமைப்பு) இல்லை. குடையின் நிறம் கரும்பச்சையும் சாம்பலும். எங்கிருந்து தேடத் தொடங்குவது? தோட்டக்காரர்களை எவ்வாறு அணுகுவது? ரிசர்வில் இறங்கும்போதே அதைப் பின்தொடர்ந்து சென்றிருக்க வேண்டுமா?

பதில்: ரிக்கர் மேசை

முதலில் காற்றைக் கணக்கிடுங்கள். ஆள் எடை இல்லாத குடை மெதுவாக இறங்குவதால், அது போய்ச் சேரும் தொலைவைக் காற்றே தீர்மானிக்கிறது. 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) காற்று என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 460 மீட்டர். குடை மூன்று நிமிடம் மிதந்திருந்தால் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் போயிருக்கும். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் மேல்மட்டக் காற்று முன்னறிவிப்பில் 3,000 அடிக்குரிய திசையும் வேகமும் இருக்கும். அந்த நேரத்துக்குரிய எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சொல்லப்படுவது காற்று எங்கிருந்து வருகிறது என்பதே ஆகையால், தேட வேண்டியது அதற்கு நேரெதிர்த் திசையில். நீங்கள் கழற்றிவிட்ட இடத்தை விமானத்தின் பாதையையும் உங்கள் நினைவையும் கொண்டு வரைபடத்தில் குறித்து, அங்கிருந்து ஒரு கோடு இழுத்து, அதன் இருபுறமும் விரியும் ஒரு விசிறி வடிவத்துக்குள் தேடுங்கள். தரைக்கு அருகில் காற்று தணிந்து திசையும் மாறக்கூடும் என்பதால், கோட்டின் கடைசிப் பகுதியில் விசிறியை அகலமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்று தளத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவரிடமும் குடை எந்தத் திசையில் மறைந்தது என்று தனித்தனியே கேளுங்கள். ஒருவர் குடை மடிக்கும் கூடத்து வாசலிலிருந்து ஒரு தண்ணீர்த் தொட்டியின் இடப்பக்கமாகப் பார்த்திருப்பார். மற்றொருவர் வாகன நிறுத்தத்திலிருந்து ஒரு மின்கோபுரத்தின் நேராகப் பார்த்திருப்பார். வெவ்வேறு இடங்களிலிருந்து வரைந்த அந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளி, எந்தக் காற்றுக் கணக்கைவிடவும் நம்பத்தக்கது.

பிரீபேக்கை மறந்துவிடாதீர்கள். பலரும் விலை மிகுந்த மெயினைத் தேடுவதிலேயே பொழுதைக் கழித்து, இதைச் சிறு பை என்று விட்டுவிடுகிறார்கள். ரிசர்வ் விரியும்போது பிரீபேக், பைலட் சூட், இரண்டையும் இணைக்கும் நாடா ஆகிய மூன்றும் குடையை விட்டு முழுவதும் பிரிந்து விழும்படியே வடிவமைக்கப்பட்டுள்ளன. அவை சான்றளிக்கப்பட்ட ரிசர்வ் அமைப்பின் பகுதிகள். உங்கள் ஹார்னஸுக்கு உரியவை கிடைக்கும் வரை எந்த ரிக்கரும் (குடைகளை மடிக்கவும் பழுதுபார்க்கவும் சான்று பெற்றவர்) ரிசர்வை மீண்டும் மடித்துத் தர இயலாது. ஸ்கைஹூக் இருந்திருந்தால், கழன்ற மெயினே பிரீபேக்கை இழுத்துச் சென்று, பெரும்பாலும் எல்லாம் ஒன்றாகவே விழுந்திருக்கும். உங்களுக்கு அப்படி அமையவில்லை. அதே காற்றுக் கோட்டில் தேடுங்கள். ஆனால் மெயின் கிடைத்த இடத்திலேயே அதுவும் கிடக்கும் என்று எண்ணாதீர்கள்.

பதில்: வாய்க்கால் மேடு

நான் குதிப்பவன் அல்லன். இந்தப் பள்ளத்தாக்கில் தோட்ட மேலாண்மையில் வேலை பார்ப்பவன். தோட்டக்காரர்கள் பொதுவாக உதவக்கூடியவர்களே, ஆனால் கேட்காமல் உள்ளே நுழைவதை ஒருவரும் விரும்ப மாட்டார்கள். நில உரிமையாளர் யார் என்பதை மாவட்டத்து நில மதிப்பீட்டு அலுவலகத்தில் கேட்டறியலாம். உங்கள் தளத்தை நடத்துபவர்களிடம் அண்டை நிலத்தாரின் தொலைபேசி எண்கள் முன்பே இருக்கவும் கூடும்.

வேலியில் மண்டையோட்டுப் படத்துடன் ‘பெலிக்ரோ’ (ஆபத்து) என்று ஸ்பானிய மொழியிலும் எழுதிய பலகை இருந்தால், அங்கே பூச்சிமருந்து தெளித்திருக்கிறார்கள் என்று பொருள். குடை கண்ணெதிரே கிளையில் தொங்கினாலும், குறித்த காலம் முடியும் வரை உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது.

இப்போது அறுவடைக் காலம். இயந்திரம் மரத்தை உலுக்கிக் கொட்டைகளைத் தரையில் விழச் செய்யும். அவை உலர்ந்தபின் மற்றோர் இயந்திரம் கூட்டி வாரும். குடையின் கயிறுகள் அந்தச் சுழலும் தூரிகைகளில் சிக்கினால் குடையும் போகும், இயந்திரமும் நிற்கும். இதை எடுத்துச் சொன்னால், எந்த வரிசையில் என்றைக்கு வேலை என்பதை மேலாளரே உங்களுக்குத் தெரிவிப்பார். இங்கே வேலை செய்வோரில் மிகப் பலர் ஸ்பானிய மொழி பேசுபவர்கள். குடை, பிரீபேக் இரண்டின் படமும் தொலைபேசி எண்ணும் கொண்ட ஒரு தாளை ஸ்பானிய மொழியில் அச்சிட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு வரிசையாக நடப்பவர்கள் அவர்கள்தாம்.

மின்கம்பியில் சிக்கியிருந்தால் எதைக் கொண்டும் இழுக்காமல் மின் நிறுவனத்தை அழையுங்கள்.

பதில்: ஆறாம் கதவு

பயிற்சியாளன் என்ற முறையில் உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: பின்தொடர்ந்து செல்லாதது சரி. ரிசர்வ் என்பது நீங்கள் பழகாத குடை. பெரும்பாலும் அளவிலும் வேறுபட்டது. அதில் தொங்கிக்கொண்டு, மரங்களும் கம்பிகளும் நிறைந்த நிலத்தை நோக்கிப் போவது, ஒரு நெருக்கடியிலிருந்து மீண்ட உடனே மற்றொன்றைத் தேடிப் போவதாகும். உங்களுக்கு மேலே குடை விரித்திருந்த ஒருவர், பிறர் மீது மோதாத தொலைவில், உயரம் இருக்கும் வரை அதன் திசையைக் கவனித்துவிட்டுத் தளத்துக்குத் திரும்புவது போதும். அடுத்த விமானத்தில் ஏறுபவர்களையும் விமானியையும் தோட்டங்களின் மேல் கண் வைக்கச் சொல்லுங்கள். மர உச்சியில் விரிந்து கிடக்கும் துணி கீழே நடப்பவர்களுக்குத் தெரியாது, மேலிருந்து தெரியும். குதிப்பவர்கள் இறங்கும் வான்பகுதியில் டிரோன் பறக்கவிடும் யோசனை யாருக்கேனும் இருந்தால், அதைத் தளத்தாரின் ஒப்புதல் இல்லாமல் செய்ய வேண்டாம்.

இன்னொன்றையும் இளையவர்கள் படிப்பார்கள் என்பதற்காக எழுதுகிறேன். அமெரிக்கப் பாராசூட் சங்கம் மாணவர்களுக்கும் ஏ உரிமம் உடையவர்களுக்கும் 2,500 அடியையும், பி முதல் டி வரை உரிமம் உடையவர்களுக்கு 1,800 அடியையும், மெயினைக் கழற்றுவதா என்று முடிவெடுக்கும் உயரமாக வகுத்துள்ளது. சுழலும் குடை ஒவ்வொரு சுற்றிலும் உயரத்தைத் தின்கிறது. அந்த நேரத்தில், ‘இதைக் கழற்றினால் பாதாம் தோட்டத்தில் தொலைந்துவிடுமே’ என்ற நினைப்பு ஒரு நொடி குறுக்கிட்டாலும் ஆபத்து. தேடும் வழிகளைத் தரையிலேயே நன்றாக அறிந்து வைத்திருப்பவருக்கு அந்த நினைப்பு வருவது குறையும் என்பது என் உறுதியான எண்ணம். வடகாற்று 2,500 அடிக்கு மேலேயே முடிவெடுத்திருக்கிறார். அதை மனமாரப் பாராட்டுகிறேன்.

கேள்வி கேட்டவர்: வடகாற்று

அனைவருக்கும் நன்றி. இருவர் சொன்ன திசைகளை வரைபடத்தில் வரைந்தபோது, கோடுகள் நாங்கள் தேடிய சாலைக்கு அப்பால், ஒரு பாசன வாய்க்காலுக்கு அருகே வெட்டிக்கொண்டன. மேலாளரின் அனுமதியுடன் சென்றோம். மெயின் வாய்க்கால் கரையில் பாதி நனைந்து கிடந்தது. பிரீபேக் இன்னும் கிடைக்கவில்லை. ஸ்பானிய மொழித் தாளைத் தொழிலாளர்களிடம் கொடுத்திருக்கிறேன். குடையை இப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: ரிக்கர் மேசை

மகிழ்ச்சி. நல்ல தண்ணீரில் அலசி, வெயில் படாத நிழலில் உலர்த்துங்கள். சூரியனின் புற ஊதாக் கதிர் நைலானை வலுவிழக்கச் செய்யும். முள், சருகு எதையும் இழுத்துப் பிய்க்காமல் ஒவ்வொன்றாக எடுங்கள். கயிறுகள் எவ்வளவு சிக்கியிருந்தாலும் ரைசரிலிருந்து (கயிறுகளை ஹார்னஸோடு இணைக்கும் பட்டை) கழற்ற வேண்டாம். சிக்கு எப்படி விழுந்ததோ அந்த வழியே அவிழ்க்கலாம், அவிழவில்லை என்றால் அப்படியே என்னைப் போன்ற ஒருவரிடம் கொண்டு வாருங்கள். ரைசர்களை ஹார்னஸில் மீண்டும் பூட்டும் முன், மெயினைக் கழற்றிவிட உதவும் மூன்று வளைய அமைப்பின் நாடாவும் சிறு வளையக் கண்ணியும் மண் படியாமல், கிழியாமல் இருக்கின்றனவா என்று ரிக்கர் பார்க்க வேண்டும். பிரீபேக் கிடைத்தாலும் புதிதாக வாங்கினாலும், அதில் உங்கள் தொலைபேசி எண்ணை எந்த இடத்தில், எந்த மையால் எழுதலாம் என்பதை ரிசர்வை மடிக்கும் ரிக்கரிடமே கேட்டு எழுதச் செய்யுங்கள்.