கிட்டார் ஃபிரெட் அரம்: வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரியில் இருந்து எழுதுகிறேன். தங்கையின் அக்கூஸ்டிக் கிட்டாரில் ஐந்தாம் ஃபிரெட்டை (கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கீற்று) அழுத்தினால் கம்பி ஆறாவதில் உரசி இரைகிறது. நேரான சிறு இரும்புப் பட்டையை ஐந்து, ஆறு, ஏழு மூன்றின் மேலும் வைத்தால் சீசா பலகை போல ஆடுகிறது. ஆறாவதுதான் மேடு. கடையில் எல்லா ஃபிரெட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். நல்ல கிட்டாருக்கு அது அநியாயம்.

மேட்டைத் தேய்த்துச் சமன் செய்துவிடலாம். ஆனால் ஃபிரெட்டின் தலை தட்டையாகிவிட்டால் சுருதி பிசகும், மறுபடி இரையும். மார்க்கர் மை பூசி, நடுவில் நூலிழை போல மைக்கோடு மிஞ்சும்வரை இருபுறமும் வளைத்துத் தீட்ட வேண்டும். அதற்கான குழிவான அரம் ஓசூர் கருவிக் கடைகளில் கிடைக்குமா, பெங்களூருக்குத்தான் போக வேண்டுமா?

இவை நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) ஃபிரெட்டுகள். எஃகு இல்லையே, அப்படியும் வைரத்தூள் அரம் அவசியமா? முக்கோண அரத்தின் விளிம்புகளை மழுக்கி இதே வேலையைச் செய்தவர்கள் இருந்தால், எத்தனை அங்குல அரம் என்று தயவுசெய்து சொல்லுங்கள். பலகையில் ஒட்ட மாஸ்கிங் டேப்பும், மெருகேற்ற 2000 எண் வரை உப்புத்தாளும் வாங்கிவிட்டேன். அரம் மட்டும்தான் பாக்கி.