வக்கீல் சீரியல்ல ஹீரோ மாறணுமா, மாறாம இருக்கணுமா? வீட்ல பஞ்சாயத்து முடியல

மயூர்விஹார்_மணி

மக்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க. இந்த டெல்லி குளிர்ல ஏழு மணிக்கு மேல வெளிய தலை காட்ட முடியல, ரஜாயை போத்திக்கிட்டு டிவி முன்னாடி உக்காந்ததுல வந்த வினை இது. தீபாவளிக்கு ஆரம்பிச்சு பொங்கலுக்குள்ள நானும் வைஃபும் 'தி குட் வைஃப்'ங்கற அமெரிக்க வக்கீல் சீரியலை மொத்தமா முடிச்சோம், ஏழு சீசன், 156 எபிசோடு. முடிச்ச அன்னிக்கு ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல, அப்படி ஒரு முடிவு. பாக்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க, கதைய சொல்லப்போறேன்.

முதல் எபிசோடுல ஹீரோயின் அலீசியா புருஷனை அறையறா, கடைசி எபிசோடுல கூட வேலை பாக்கற சீனியர் வக்கீல் டயான் வந்து அலீசியாவை அறையறா. 13 வருஷம் வீட்ல இருந்துட்டு திரும்ப வக்கீல் வேலைக்கு வந்த பாவப்பட்ட பொம்பளை, கடைசில அதே புருஷனை காப்பாத்த டயானோட வீட்டுக்காரர் மானத்தை கோர்ட்ல கிழிக்க விடற ஆளா ஆயிட்டா. எனக்கு இது சூப்பரா எழுதின மாற்றம். வைஃபுக்கு செம கோவம், "ஏழு சீசன் இவளுக்காகவா கை தட்டினேன்"னு.

இதுல மூணாவது கட்சி எங்கம்மா. திருநெல்வேலிலேருந்து வந்து நாலு மாசம் எங்ககூட இருக்காங்க, இங்கிலீஷ் ஓடினா தூங்கிருவாங்க. அவங்களுக்குன்னு தமிழ் டப்பிங்ல 'கிரிமினல் ஜஸ்டிஸ்' போட்டு விட்டேன், இப்ப அதுல பங்கஜ் திரிபாதி நடிக்கற வக்கீல் மாதவ் மிஸ்ராதான் அவங்களுக்கு எல்லாம். 2019ல வந்த முதல் சீசன்லேருந்து 2025 சீசன் வரைக்கும் அந்தாளு அப்படியேதான் இருக்கான்மா, பெருசா மாற்றமே இல்லியேன்னேன். அதுக்கு அவங்க, "மாறிட்டாம்னா பொறவு அவன எதுக்குல பாக்கணும்?"

இப்ப சொல்லுங்க, வக்கீல் கதையோ அரசியல் கதையோ, நீங்க பாத்ததுல ஆள் மாறினப்ப உங்களுக்கு பிடிச்சுதா, வெறுத்துட்டீங்களா?

முனிர்கா_மீனா

உங்க வைஃப் பக்கம் நான். ஆனா அவங்க சொல்ற காரணத்துக்கு இல்ல. அலீசியா கெட்டவளா ஆனது பிரச்சினை இல்லங்க, அவ அஞ்சாவது சீசன்லயே வேற ஆளா ஆயிட்டா. அவளோட பழைய காதலன், பாஸ் வில் கோர்ட்லயே சுடப்பட்டு செத்தப்புறம் அந்த சீரியலுக்கு மூச்சு இல்ல. அதுவும் எழுத்தாளருங்க ஆசைப்பட்டு பண்ணதில்ல, அந்த நடிகர் ஜோஷ் சார்ல்ஸ் கிளம்பறேன்னு சொன்னதால வந்தது. ஆனாலும் அந்த எபிசோடு அடுத்த ஒரு வாரம் எனக்கு ஆபீஸ்ல வேலை ஓடல, பக்கத்து சீட் பஞ்சாபி பொண்ணு யாராவது வீட்ல தவறிட்டாங்களான்னு கேட்டா.

இதே கதைய இங்க காஜோலை வெச்சு 'தி டிரையல்'னு 2023ல எடுத்தாங்களே, அதை பாருங்க, அப்பதான் 22 எபிசோடு சீசனோட அருமை தெரியும். முதல் சீசன் மொத்தமே எட்டு எபிசோடு. எட்டுல ஒருத்தி அவமானப்படணும், வேலைக்கு போகணும், கேஸ் ஜெயிக்கணும், பழைய காதல், புருஷன் ஜெயில், பசங்க ஸ்கூல், எல்லாம் நடக்கணும். ஒரு எபிசோடுல அழறா அடுத்ததுல பிளேசர் போட்டு நடந்து வர்றா, நடுவுல என்ன ஆச்சுன்னு நாமளே யோசிச்சுக்கணும். இட்லி மாவை அரைச்ச உடனே ஊத்தின மாதிரி. (இந்த குளிர்ல மாவு புளிக்காத கொடுமைய பத்தி தனி திரெட் போடணும், அடுப்பு பக்கத்துல வெச்சும் பாத்துட்டேன்.)

அரசியல்ல எனக்கு பிடிச்ச மாற்றம் 'மகாராணி' முதல் சீசன். ஹுமா குரேஷியோட ராணி பாரதி, எழுதப்படிக்க தெரியாது, மாடு கறந்துக்கிட்டு இருந்தவள புருஷன் தூக்கி பீகார் சிஎம் சீட்ல உக்கார வைக்கறான், பொம்மை மாதிரி கையெழுத்து போடுவான்னு. அவ ஃபைல்ல என்ன எழுதியிருக்குன்னு கேக்க ஆரம்பிக்கறா பாருங்க, அங்கயே கதை முடிஞ்சுது. கடைசில அந்த புருஷனையே உள்ள வெக்கறா. என் டீம்ல ஒரு பாட்னாக்காரர் இருக்கார், "எங்க ஊர்ல 1997ல ராப்ரி தேவி சிஎம் ஆனதெல்லாம் வேற மாதிரி, இவங்க கதை விடறாங்க"ன்னு சிரிக்கறார், ஆனா விடாம பாத்துட்டார் மனுஷன்.

சூட்டுகோட்டு

எதுக்கு இவ்ளோ யோசனை. 'சூட்ஸ்' பாருங்க, அதுவும் வக்கீல் சீரியல்தான். 134 எபிசோடு, ஹீரோ ஹார்வி கடைசி வரைக்கும் அதே கோட்டு அதே திமிரு. ஜாலி.

பாட்டியாலாஹவுஸ்_ஜூனியர்

சூட்டுகோட்டு ப்ரோ, அதுல மைக் ராஸ் சட்டம் படிக்காமயே வக்கீலா வர்றானே, இங்க வந்து பண்ணச் சொல்லுங்க, அட்வகேட்ஸ் ஆக்ட் 45வது செக்‌ஷன்ல ஆறு மாசம் வரைக்கும் உள்ள போகலாம். சரி அத விடுங்க.

மணி அண்ணா, நான் இங்க பாட்டியாலா ஹவுஸ் கோர்ட்ல மூணு வருஷமா ஜூனியர் வக்கீல், அதனால ரெண்டு வார்த்தை. ரெண்டு இல்ல, நீளமா வரும், மன்னிச்சுக்கோங்க, பெஞ்ச் எழுந்திருச்சிருச்சு, என் மேட்டருக்கு தேதி குடுத்துட்டாங்க, கேன்டீன்ல டீ குடிச்சுக்கிட்டே அடிக்கறேன்.

வக்கீல் ஒருத்தன் எப்படி மாறறான்னு உருப்படியா காட்டினது எனக்கு தெரிஞ்சு 'பெட்டர் கால் சால்' ஒண்ணுதான். ஆறு சீசன், 2015லேருந்து 2022 வரைக்கும். அதோட ஹீரோ வக்கீல் ஜிம்மி ஒரே நாள்ல திருடன் ஆகல. முதல்ல சின்னதா ஒரு பொய், கட்சிக்காரர் நல்லதுக்கு. அப்புறம் ஒரு பேப்பர்ல நம்பரை மாத்தி வெக்கறான், அதுவும் அவன் காதலி, வக்கீல் கிம்முக்காக. அப்புறம் வக்கீல் சங்க விசாரணைல அண்ணனையே கூண்டுல ஏத்தி உடைக்கறான். ஒவ்வொரு தடவையும் நமக்கு "இது ஒரு தடவை பரவால்ல"ன்னுதான் தோணும், அவனுக்கும் அதான் தோணும். எங்க சீனியர் சேம்பர்ல இதை நேர்லயே பாக்கறேன், யாரும் கெட்டுப்போகணும்னு கவுன் மாட்டறதில்ல, இன்னிக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லன்னு சொல்லி வாய்தா வாங்கலாம்னுதான் ஆரம்பிக்குது.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. மாற்றத்தை நான் எப்ப நம்பறேன்னா அந்த ஆள் அதுக்கு கைக்காசு குடுக்கறப்பதான். இவங்க ரெண்டு பேரும் வம்பு பண்ணி கவுத்த வக்கீல் ஹாவர்ட் செத்ததும் கிம் என்ன பண்றா? அழுதுட்டு அடுத்த கேஸ் பாக்க போகல. வக்கீல் லைசென்சையே திருப்பி குடுத்துட்டு ஃபுளோரிடா போய் ஸ்பிரிங்ளர் கம்பெனில சாதாரண ஆபீஸ் வேலை. ஒரு வக்கீலுக்கு லைசென்ஸ்னா என்னன்னு எனக்கு தெரியும் அண்ணா, என்ரோல்மென்ட் அன்னிக்கு எங்கப்பா ஊர்லேருந்து ஜிடி எக்ஸ்பிரஸ்ல வந்து நின்னார். அதை அவ ஒரு பேப்பர் மாதிரி குடுத்துட்டு போறப்ப எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. ஜிம்மியும் அப்படித்தான், ஏழு வருஷத்துக்கு பேரம் பேசி முடிச்சாச்சு, கிம் பாத்துக்கிட்டு இருக்கான்னு கோர்ட்ல எழுந்து எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு 86 வருஷம் வாங்கறான். அலீசியா என்ன குடுத்தா? ஒரு அறை வாங்கினா, கோட்டை சரி பண்ணிக்கிட்டு நடந்து போயிட்டா. அண்ணிக்கு கோவம் வர்றது அதனாலதான்னு நினைக்கறேன்.

இன்னொண்ணு, நம்ம ஊர் கோர்ட் சீரியல்ல ஹீரோ மாறினதை காட்டறது கஷ்டம். அங்க ஜூரி இருக்கு, பன்னெண்டு சாதாரண ஜனத்தை பாத்து ஹீரோ உருகி பேசினா அவன் மாறிட்டான்னு நமக்கு புரிஞ்சிரும். இங்க கிரிமினல் கேஸ்ல ஜூரியெல்லாம் 1973 குற்றவியல் நடைமுறை சட்டத்தோட போயாச்சு. ஜட்ஜுகிட்ட உருகினா "கௌன்சல், கம் டு த பாயின்ட்"னுவார். அதனால நம்மாளுங்க கோர்ட்டுக்குள்ள கத்த விடறாங்க, பாக்கவே கூச்சமா இருக்கு. 'கில்ட்டி மைண்ட்ஸ்' ஒண்ணு பரவால்ல, 2022ல வந்தது, நம்ம டெல்லி கதை, கஷஃபும் தீபக்கும் ஃப்ரெண்ட்ஸ் ஆனா எதிர் எதிர் பக்கம், கத்தாம கேஸ் நடத்துவாங்க.

தமிழ்ல 2025ல வந்த 'சட்டமும் நீதியும்' பாத்தீங்களா? பருத்திவீரன் சரவணன், கோர்ட் வாசல்ல நோட்டரி வேலை பாத்துக்கிட்டு வீட்லயும் மரியாதை இல்லாத வக்கீல். அந்த மாதிரி ஆளுங்களை தீஸ் ஹஸாரி கோர்ட்ல மரத்தடியில தினம் பாக்கறேன், டைப்ரைட்டரும் ஒரு பிளாஸ்டிக் சேரும்தான் சேம்பரே. அவர் பழையபடி கவுனை மாட்டறப்ப மாறறாரா, இல்ல உள்ள இருந்த ஆளுதான் வெளிய வர்றாரான்னு எனக்கு இன்னும் முடிவு தெரியல.

கரோல்பாக்_ஓய்வூதியர்

ஜூனியர் தம்பி நன்னா எழுதறேள். ஆனா எல்லாரும் வக்கீலையே பிடிச்சுண்டு இருக்கேளே, அரசியல் பக்கம் வாங்கோ.

நான் 34 வருஷம் இங்கே மத்திய சர்க்கார் உத்யோகம் பாத்தவன். எத்தனையோ மந்திரி வந்தா போனா, ஃபைல் அதே ஃபைல், நோட் ஷீட் அதே பச்சை நோட் ஷீட். அதனால எனக்கு பிடிச்சது பிபிசில 1980ல ஆரம்பிச்ச 'யெஸ் மினிஸ்டர்'. அதிலே மந்திரியோட செகரட்டரி சர் ஹம்ப்ரி ஒரு இழை மாறமாட்டான். மந்திரி ஹாக்கர் மட்டும் துளித்துளியா கத்துண்டு, 1984ல பிரதம மந்திரியாவே ஆயிடறான். கத்துண்டது என்ன? ஹம்ப்ரியோட தந்திரம்தான்! இதை ஃபரூக் ஷேக் நடிச்சு ஹிந்தில 'ஜி மந்த்ரிஜி'ன்னு 2001ல போட்டா, எங்க செக்‌ஷன்லே மறுநாள் டீ வேளையில வேற பேச்சே கிடையாது, யார் யாரை மாதிரின்னு அடிச்சுக்காத குறை. (என்னை யார்னு சொன்னான்னு இங்கே சொல்றதா இல்லை.)

மாத்தக்கூடாத ஆளை மாத்தினா என்ன ஆகும்னு பாக்கணும்னா, அமெரிக்க ஜனாதிபதி ஆபீஸ் கதையான 'தி வெஸ்ட் விங்'. ஆரோன் சார்கின் நாலு சீசன் எழுதிட்டு போயிட்டார், மிச்ச மூணும் வேற கை. பிரஸ் செகரட்டரியா இருந்த சி.ஜே சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஆனா, சந்தோஷம், அவளுக்கு தகும். ஆனா ஜனாதிபதிக்கு பேச்சு எழுதற டோபி? அத்தனை கொள்கை பேசறவன் ராணுவ விண்வெளி ஷட்டில் ரகசியத்தை பத்திரிகைக்கு கொடுத்தான்னு காட்டினா. டோபியா நடிச்ச ரிச்சர்ட் ஷிஃபே அதை ஏத்துக்கலைன்னு வெளிப்படையா சொன்னார். நான் அன்னிக்கு டிவியை அணைச்சுட்டு வாக்கிங் போயிட்டேன். தம்பி சொல்ற கைக்காசு கணக்கு பாத்தா டோபி வேலையும் போச்சு மானமும் போச்சு, எல்லாம் கொடுத்தான். இருந்தும் நான் நம்பலையே, அது ஏன்? பதில் சொல்லுங்கோ.

பாட்டியாலாஹவுஸ்_ஜூனியர்

மாமா மாட்டிவிட்டுட்டீங்க. யோசிச்சேன். டோபி விலை குடுத்தான், சரி, ஆனா அந்த கடைக்கு அவன் நடந்து போனதை நாம பாக்கல. ஜிம்மி நடந்த வழி பூரா நாம கூட நடந்தோம். பில்லை மட்டும் கையில குடுத்தா எப்படி? ஆப்ஜெக்‌ஷன் சஸ்டெயின்ட், என் வாதத்துல பாதிய வாபஸ் வாங்கறேன்.

முனிர்கா_மீனா

ஜிம்மி போர்டு வெச்சு டிவில விளம்பரம் குடுக்கறதை பாத்து, நம்ம ஊர் வக்கீலுங்க ஏன் குடுக்கறதில்லன்னு எங்க வீட்டுக்காரர் கேக்கறார், ஜூனியர் கொஞ்சம் சொல்லுங்க.

பாட்டியாலாஹவுஸ்_ஜூனியர்

பார் கவுன்சில் ரூல் 36 அக்கா, வக்கீல் விளம்பரம் பண்ணக்கூடாது. அமெரிக்காலயும் ரொம்ப நாள் தடைதான், 1977ல அரிசோனா வக்கீல் ரெண்டு பேர் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் உடைச்சாங்க. அந்த தீர்ப்பு இல்லன்னா ஜிம்மி தொழிலுக்கு வெச்சுக்கிட்ட 'சால் குட்மேன்'ங்கற பேரே இல்ல.

மயூர்விஹார்_மணி

எல்லாருக்கும் நன்றி. ஜூனியர் தம்பி சொன்ன கைக்காசு விஷயத்தை வைஃப்கிட்ட படிச்சு காட்டினேன், "நான் இதத்தானே ரெண்டு வாரமா சொல்றேன்"னா. சொல்லவே இல்ல, ஆனா நான் எதுத்து பேசல.

அம்மா கதைதான் வேற மாதிரி போச்சு. நேத்து ஞாயித்துக்கிழமை மலை மந்திர் முருகன் கோயில் போயிட்டு திரும்பறப்ப மெட்ரோல, சும்மா இருக்காம திரும்பவும் கேட்டேன், ஏன்மா மாறாத ஆளுதான் வேணும்ங்கறீங்கன்னு. கொஞ்ச நேரம் சும்மா வந்தாங்க. அப்புறம் எங்க தாத்தா சொத்து கேஸ் பத்தி எடுத்தாங்க. பதினாலு வருஷம் நடந்ததுன்னு எனக்கு தெரியும், ஏன் தோத்தோம்னு தெரியாது. எங்க வக்கீல் கடைசி ரெண்டு வருஷம் எதிர்கட்சிகிட்டயும் கை நீட்டியிருக்கார். ஆரம்பத்துல நல்ல மனுஷன்தானாம், அப்பா எறந்தப்ப ஃபீஸ் கூட வாங்கலையாம், அம்மா அவருக்கு வெள்ளிக்கிழமைதோறும் வாழக்கா பஜ்ஜி போட்டு குடுத்தனுப்புவாங்களாம். "அவரும் மாறத்தாம்ல செஞ்சாரு"ன்னாங்க. அந்த மாதவ் மிஸ்ரா கல்யாண ராத்திரி பொண்டாட்டிய விட்டுட்டு கேஸுக்கு ஓடறானே ரெண்டாவது சீசன்ல, அதுதான் அவங்களுக்கு ரொம்ப பிடிச்ச சீனாம். நாங்க அதை காமெடின்னு நினைச்சு சிரிச்சோம்.

அக்‌ஷர்தாம் தாண்டறப்ப, அம்மாவை கொஞ்சம் தேத்தலாம்னு ஜிம்மி கதைய முழுசா சொன்னேன், ஊரை ஏமாத்தின வக்கீலும்மா, கடைசில அவனே ஒத்துக்கிட்டு 86 வருஷம் ஜெயிலுக்கு போயிட்டான்னு. நல்லா கேட்டுட்டு, "சரி போனான். அவன்ட்ட ஏமாந்தவங்களுக்கு ரூவா திரும்ப கெடச்சுதால?"ன்னாங்க.

ஜூனியர் தம்பி, இதுக்கு உங்ககிட்ட எதாவது இருக்கா? எங்கிட்ட இல்ல.

பாட்டியாலாஹவுஸ்_ஜூனியர்

இல்ல அண்ணா. வாய்தா குடுங்க.