சரோஜா அத்தைக்கு இமை ஆபரேஷன்: மயக்கம் வேண்டுமா, ஊசி போதுமா?

*குழு: மேலத்தெரு வீடு*

பிரபு: எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு மேல் இமை ஆபரேஷன் வெள்ளிக்கிழமை காலை. இமையை மட்டும் மரக்க வைக்கும் லோக்கல் ஊசியா, லேசான மயக்கமா, முழு மயக்கமா என்று இன்று மாலைக்குள் சொல்ல வேண்டுமாம். அம்மா முழு மயக்கம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கவிதா, நீ ஆபரேஷன் தியேட்டரிலேயே வேலை பார்க்கிறவள். சொல்.

வள்ளி: மதினிக்கு ஆபரேஷனா? எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே

செல்வி: போன வாரமே இதில்தான் போட்டேன் அத்தை

வள்ளி: கல்யாணப் பத்திரிகை வேலையில் பார்த்திருக்க மாட்டேன்

சண்முகம்: இந்த வயதில் அழகுக்கு ஆபரேஷன் எதற்கு அக்கா

செல்வி: அழகுக்கு மட்டும் இல்லை மாமா. தோல் தொங்கி இமைமயிர் மேல் விழுகிறது. பேப்பர் படிக்கப் புருவத்தைத் தூக்கித் தூக்கி, சாயங்காலம் ஆனால் நெற்றி வலி.

பிரபு: டேப் ஒட்டி இமையைத் தூக்கிவிட்டு டெஸ்ட் எடுத்தார்கள். மேல் பக்கப் பார்வை நன்றாகத் தெளிகிறது. அந்த ரிப்போர்ட்டை வைத்துத்தான் இன்ஷூரன்ஸ் கேட்டிருக்கிறேன். வெறும் அழகுக்கு என்றால் கொடுக்க மாட்டார்கள்.

சரோஜா: தேன்மொழி கல்யாண போட்டோவில் கண் தெரிந்தால் தப்பா

தேன்மொழி: ஒரு தப்பும் இல்லை அத்தை ❤️

கவிதா: அத்தை, முதலில் ஒன்று. மேல் இமைக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் லோக்கல் ஊசியே போதும். லிக்னோகெய்ன் என்ற மரக்கும் மருந்தோடு கொஞ்சம் அட்ரினலின் சேர்த்து ஒவ்வொரு இமையிலும் 1, 2 மில்லிதான் போடுவார்கள். அட்ரினலின் ரத்தக் குழாயைச் சுருக்கும். ஊசி போட்டதும் கத்தி வைக்க மாட்டார்கள், 10 நிமிடம் போல விட்டுவிடுவார்கள். இமை வெளுத்து வரும். அப்புறம் வெட்டினால் ரத்தம் குறைவாக வரும், டாக்டருக்கும் இடம் சுத்தமாகத் தெரியும்.

சரோஜா: ஊசி கண்ணுக்கு நேரே வருமே

கவிதா: கண்ணை மூடச் சொல்லி, இமைத் தோலுக்கு அடியில் மட்டும் போடுவார்கள் அத்தை. கண்ணுக்குள் போகாது. மருந்து அமிலத் தன்மை உள்ளது, அதனால்தான் எரிகிறது. எறும்பு கடித்தது மாதிரி சில நொடி. சோடியம் பைகார்பனேட் கலந்தால் அந்த எரிச்சலும் குறையும். கலந்து தரச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

சரோஜா: நெஞ்சு படபடப்பு வராதா

கவிதா: அட்ரினலினால் கொஞ்ச நேரம் வரலாம், அடங்கிவிடும். பிபி மாத்திரை சாப்பிடுவதை மறக்காமல் சொல்லுங்கள். அன்று காலை அதை நிறுத்தச் சொல்லவில்லை என்றால் ஒரு வாய் தண்ணீரோடு போட்டுவிட வேண்டும். பிபி ஏறினால் இமையில் ரத்தம் கட்டும்.

சண்முகம்: அண்ணனுக்கு முழு மயக்கம் கொடுத்து மூன்று நாள் யார் என்று தெரியாமல் பேசினார். மறக்க முடியுமா

கவிதா: ஆமாம் சித்தப்பா. அப்பாவை நினைத்துத்தான் இவ்வளவு சொல்கிறேன். வயதானவர்களுக்கு அந்தக் குழப்பம் வரலாம். அப்புறம் முழு மயக்கம் தெளியும்போது இருமல், வாந்தி வந்தால் முகத்தில் ரத்த அழுத்தம் ஏறும். இமை ஆபரேஷனில் அதுதான் வேண்டாதது. குழந்தைகளுக்கு, அசையாமல் படுக்கவே முடியாதவர்களுக்கு, வேறு பெரிய ஆபரேஷனும் சேர்த்துச் செய்யும்போது முழு மயக்கம் சரி. அத்தைக்கு அது தேவையே இல்லை.

வள்ளி: முதுகில் ஊசி போடுவார்களா? எனக்குப் போட்டதில் இருந்து இன்னும் வலி

செல்வி: கண்ணுக்கு எதற்கு அத்தை முதுகில்

கவிதா: இல்லை சித்தி, இமையில் மட்டும்தான். மரக்கும் மருந்தை ஆபரேஷனுக்கு முதன்முதலில் பயன்படுத்தியதே கண்ணில்தான், 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர். அப்போது கொக்கெய்ன் சொட்டு. இப்போது போடும் லிக்னோகெய்னை 1943-இல் ஸ்வீடனில் உருவாக்கினார்கள்.

முத்து: மண்டபத்துக்காரர் அட்வான்ஸ் மீதி கேட்கிறார். யார் கொடுக்கிறீர்கள்

சண்முகம்: நாளை பேசுவோம்டா

பிரபு: லேசான மயக்கம் என்றால் என்ன கவிதா? அதற்குத் தனியாகக் காசு சொல்கிறார்கள்

கவிதா: மயக்க டாக்டர் பக்கத்தில் இருந்து மிடாசோலம் மாதிரி மருந்தை ரத்தக் குழாயில் கொடுப்பார். பயம் போய்விடும், ஊசி போட்டதுகூடப் பாதி நினைவிருக்காது. கூப்பிட்டால் பதில் சொல்லலாம். அதுதான் முக்கியம், ஏனென்றால் நடுவில் கண்ணைத் திற, மூடு என்று சொல்லி டாக்டர் இரண்டு பக்கமும் சரியாக மூடுகிறதா என்று பார்ப்பார். ஆனால் 6 மணி நேரம் சாப்பாடு கூடாது, வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்வரை. சுகர் மாத்திரையை அன்று என்ன செய்வது என்று கேட்டே ஆக வேண்டும்.

கவிதா: இன்னொன்று. ரத்தத்தைச் சூட்டில் அடைக்கும் கருவியைப் போடும்போது கருகின வாசனை வரும், பயப்பட வேண்டாம். மூக்கில் ஆக்ஸிஜன் ஓடினால் அந்த நேரம் அதைக் குறைப்பார்கள், தீப்பொறி அபாயம் இருக்கிறது. இழுப்பது, அழுத்துவது தெரியும். வலி தெரிந்தால் உடனே சொல்லுங்கள், இன்னும் மருந்து போடலாம். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதுதான் உங்கள் பழக்கம்.

செல்வி: பிரபுவைப் பெற்றபோதும் அப்படித்தானாம், ஆச்சி சொல்வாள்

வள்ளி: எனக்கு ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் எக்கோஸ்பிரினை ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்தினார்கள். மதினியும் நிறுத்தியாச்சா?

கவிதா: சித்தி, அதைச் சொந்தமாக நிறுத்தக் கூடாது!! இதய டாக்டர் சொன்னால் மட்டும். பிரபு அத்தான், நீங்கள் வாங்கி அனுப்பிய மீன் எண்ணெய் மாத்திரையையும் அத்தை சாப்பிடும் மருந்து லிஸ்டில் சொல்லுங்கள்.

பிரபு: சரி

கவிதா: வீட்டுக்கு வந்த பிறகு கண் பிதுங்கி, தாங்க முடியாத வலி வந்தாலோ பார்வை மங்கினாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. உள்ளே ரத்தம் கட்டினால் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் மணிக்கணக்கில் தாமதிக்க முடியாது. அன்று ராத்திரி கூட யார் இருப்பது?

செல்வி: எனக்குப் பரீட்சை டியூட்டி

சண்முகம்: நான் காரில் கூட்டிப் போகிறேன். ராத்திரி வள்ளி இருப்பாள்

வள்ளி: நான் சொன்னேனா? புதுவீட்டுப் பால்காய்ப்புக்கு வராதவர்கள் என்று மதினி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே

சரோஜா: வள்ளி வரட்டும். அவள் ரசம் வைத்தால் நான் சாப்பிடுவேன்

வள்ளி: சரி வருகிறேன்

பிரபு: அப்போ லோக்கல் ஊசியும் லேசான மயக்கமும் என்று சொல்லிவிடவா அம்மா?

சரோஜா: லேசு என்றால் எவ்வளவு லேசு

கவிதா: போன் எடுங்கள் அத்தை, பேசுகிறேன்

பிரபு: 5 மணிக்குள் சொல்ல வேண்டும்

சரோஜா: பிபி டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன். முழு மயக்கம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவை

முத்து: மண்டபத்துக்காரர் மறுபடியும் போன் செய்கிறார்

வள்ளி: பத்திரிகை புரூஃபில் மதினி பெயர் மூன்றாவதாக வருகிறது. அச்சுக்குக் கொடுத்துவிடலாமா?

செல்வி: மூன்றாவதா??