ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தியின் படைப்பு எது: இலை வட்டமா, அதன் ஒளிப்படமா?

கேள்வி

ஸ்காட்லாந்தின் பென்பான்ட் கிராமத்தில் வாழ்ந்து, இலை, கல், பனி போன்ற இயற்கைப் பொருள்களைக் கொண்டு கலைப்படைப்புகள் செய்யும் ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தியின் ஒளிப்படங்களை அண்மைக் காலமாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். 1987இல் யார்க்‌ஷயர் சிற்பப் பூங்காவில் ரோவன் மரத்தின் இலைகளைப் பொறுக்கி, மஞ்சள் முதல் கருஞ்சிவப்பு வரை நிறவாரியாக ஒரு கரிய குழியைச் சுற்றி அவர் பரப்பிய வட்டம் மனத்தை விட்டு அகலவில்லை. அந்த இலைகள் காற்றோடு போய்விட்டன. நம் கையில் இருப்பது படம் மட்டுமே. அப்படியானால் அவரைச் சிற்பி என்பதா, ஒளிப்படக் கலைஞர் என்பதா? ஓரிடத்துக்கென்றே அவர் கட்டும் நிறுவல்களையும் (installations) இதே அளவுகோலால் பார்க்கலாமா?

மறுமொழி 1

சிற்பி என்றே சொல்வேன். ஆனால் கேமரா இல்லாமல் நிறைவுபெறாத சிற்பி. மாணவராக இருந்தபோது இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவின் கடற்கரையில் செய்தவற்றை ஆசிரியர்களுக்குக் காட்டத்தான் அவர் படமெடுக்கத் தொடங்கினார். இன்றும் அவர் படங்களில் கேமரா வித்தைகள் கிடையாது: பொருள் நடுவில் இருக்கும், வெளிச்சம் அந்த இடத்தின் வெளிச்சமாகவே இருக்கும். அவருடைய ‘மழை நிழல்’ வரிசையைப் பாருங்கள். தூறல் தொடங்கும் நேரத்தில் தரையில் மல்லாந்து படுத்து, சுற்றிலும் நிலம் நனையும்வரை அசையாமல் கிடந்து, பிறகு எழுந்துகொள்கிறார்; ஈரத்தின் நடுவே ஓர் உலர்ந்த மனித உருவம் தெரிகிறது. அடுத்தடுத்து விழும் துளிகள் அதையும் விரைவிலேயே மூடிவிடுகின்றன. இங்கே படத்தை வெறும் பதிவு என்று ஒதுக்க முடியாது.

மறுமொழி 2

மழை நிழலுக்கு அது பொருந்தும். அவருடைய கற்சுவர்களுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டார்ம் கிங் கலை மையத்தில் 1997-98இல் எழுந்த அவருடைய சுவரின் நீளம் 2,278 அடி. அங்கே சிதைந்து கிடந்த பழைய பண்ணைச் சுவரின் தடத்திலிருந்து புறப்பட்டு, வழியில் நிற்கும் மரங்களில் ஒன்றையும் வெட்டாமல் ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து, சரிவில் இறங்கிக் குளத்துக்குள் மறைந்து, மறுகரையில் எழுந்து நெடுஞ்சாலையை நோக்கி ஏறுகிறது. கற்கள் அந்த நிலத்திலேயே திரட்டப்பட்டவை; கட்டியவர்கள் பிரிட்டனிலிருந்து வந்த சுவர்க் கொத்தர்கள். சாந்து கிடையாது. கீழ்வரிசையில் இரு கற்கள் சேரும் இடத்தின்மேல் அடுத்த கல் அமர்கிறது, உள்ளே சில்லுக் கற்கள் இறுக்கி நிரப்பப்படுகின்றன, சுமையே பிடிப்பாகிறது. அதன் ஓரமாக நடந்தபோதுதான், ஒவ்வொரு வளைவும் ஒரு குறிப்பிட்ட மரத்துக்காக வளைந்தது என்பது எனக்குப் புரிந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் அது வெறும் அழகான கோடாகவே தெரிகிறது. அந்தச் சுவரை வேறோர் இடத்துக்குப் பெயர்த்துச் சென்றால் வளைவதற்குக் காரணமே இருக்காது. இடம்சார் நிறுவல் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

மறுமொழி 3

இருவரும் தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்காட்லாந்தின் குளிர்காலப் பனியை உருட்டிக் குளிர்பதனக் கிடங்கில் காத்து, 2000 ஜூன் 21 அன்று, கோடையின் நடுவே, 13 பெரும் பனி உருண்டைகளை லண்டன் தெருக்களில் அவர் வைத்தார். உருக உருக, ஒன்றிலிருந்து ஆட்டு ரோமமும் இன்னொன்றிலிருந்து காக்கை இறகுகளும் வேறொன்றிலிருந்து முள்கம்பியும் வெளிப்பட்டன. வேலைக்குப் போகிறவர்கள் நின்று தொட்டுப் பார்த்தார்கள். இந்தப் படைப்பு ஒரு கணத்தில் இல்லை, உருகும் கால அளவில் இருக்கிறது. ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் பரிந்துரை: பனி உருண்டைகளின் தனிப் படம் ஒன்றை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், ஒரே உருண்டையை அடுத்தடுத்த நிலைகளில் எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.