தவளைத் தோல் மருந்து: ஆன்டிபயாடிக்குக்கு மாற்றா, வினையை விலைக்கு வாங்குவதா?

தவளைப்பிரியன்:
1986இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் சாஸ்லாஃப் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்க நகத்தவளைகளை வைத்து வேறு ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். முட்டை தேவை. வயிற்றைக் கீறிச் சூலகத்தை எடுப்பார், தைப்பார், பழையபடி தொட்டியில் விட்டுவிடுவார். தொட்டித் தண்ணீரோ கலங்கல், கிருமிகள் மொய்ப்பது. அப்படியும் தையல் போட்ட இடம் சீழ் பிடிக்காமல் ஆறியது. ஏன் என்று தோண்டியபோது தவளைத் தோலில் 23 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதத் துண்டுகள், அதாவது பெப்டைடுகள், கிடைத்தன. மறு வருடம் மகைனின் என்ற பெயரில் வெளியிட்டார்.

இவற்றுக்கு நேர் மின்னூட்டம் உண்டு. பாக்டீரியாவின் மேல்சவ்வில் எதிர் மின்னூட்டம் அதிகம் என்பதால் நேராகப் போய் ஒட்டிக்கொண்டு சவ்வைக் கிழித்துவிடும். நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்த மின்னூட்டம் அநேகமாக இல்லை, கூடவே கொலஸ்ட்ராலும் இருப்பதால் நாம் தப்பிக்கிறோம். பென்சிலின் மாதிரி ஒரு நொதியைக் குறிவைத்தால் பாக்டீரியா அந்த நொதியை மாற்றிக்கொள்ளும். சவ்வு முழுவதையும் எப்படி மாற்றும்? கோடிக்கணக்கான வருடங்களாகத் தவளை, பூச்சி, மனிதன் எல்லோரிடமும் இந்த ஆயுதம் வேலை செய்கிறதே! இதில் ஏன் யாரும் பணம் போட மாட்டேன் என்கிறார்கள்?

ஆய்வக எலி:
தோழர், நீங்கள் சொல்லும் வாதத்தைச் சாஸ்லாஃபே 2002இல் எழுதியிருந்தார். பெப்டைடுகளுக்கு எதிர்ப்புத் திறன் உருவாவது வியக்கத்தக்க அளவு அரிது என்பது அவர் கருத்து. மறு வருடமே கிரஹாம் பெல், பியர்-ஆன்ரி கூயோன் என்ற இரு பரிணாம ஆய்வாளர்கள் மறுத்தார்கள். போதுமான அளவு கொட்டினால் எந்த மருந்துக்கும் எதிர்ப்புத் திறன் வரும், ஆனால் இங்கே மருந்து என்பது நம் உடலின் சொந்த ஆயுதத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி, அதனால் ஆபத்து இரட்டிப்பு என்றார்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. சாஸ்லாஃபும் பெல்லும் வாய்ச்சண்டையோடு நிறுத்தாமல் சோதித்தே பார்த்துவிட்டார்கள். மகைனினைத் திருத்திச் செய்த பெக்சிகனான் என்ற மருந்தை எடுத்து, ஈ.கோலை, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வகைகளில் 24 வரிசைகளை (தனித்தனிப் பரம்பரைகளை) கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி வளர்த்தார்கள். 600 - 700 தலைமுறைகளில் 22 வரிசைகள் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்டன. பாக்டீரியாவுக்கு அது சில மாதக் கணக்குதான். 2006இல் வந்த அந்தக் கட்டுரையில் சாஸ்லாஃபும் ஓர் ஆசிரியர்.

சவ்வை முழுக்க மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா தன் மேற்பரப்பில் நேர் மின்னூட்டம் உள்ள அமினோ அமிலத்தை ஒட்டவைத்து எதிர் மின்னூட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. பெப்டைடுக்குப் பிடிமானம் போய்விடும். அவ்வளவுதான் சங்கதி.

புலம்பல் மன்னன்:
இவ்வளவு பேச்சு எதற்கு? தினமும் மஞ்சள் பால், இஞ்சிக் கஷாயம். எதிர்ப்பு சக்தி தன்னாலே வரும். 😀

ஆய்வக எலி:
மன்னரே, கஷாயம் தொண்டைக்கு இதம். இந்தத் திரி வேறு விஷயத்துக்கு.

தவளைப்பிரியன்:
சோதனைக்குழாயில் ஒரே பெப்டைடை மாதக்கணக்கில் ஊற்றினால் பாக்டீரியா பழகத்தான் செய்யும். உடம்பில் எப்போது இப்படி நடக்கிறது? சுவிட்சர்லாந்தின் லோசானில் லெமேட்ர் என்ற ஆய்வாளரின் குழு 2019இல் ஒரு வேலை செய்தது. பழ ஈயில் 14 பெப்டைடு மரபணுக்களைத் தூக்கிவிட்டார்கள். அந்த ஈக்கள் கிராம்-நெகடிவ் பாக்டீரியாத் தொற்றில் கொத்துக்கொத்தாக மடிந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தபோது, பெரும்பாலான கிருமிகளைப் பல பெப்டைடுகள் சேர்ந்து அடக்கியது தெரிந்தது. ப்ராவிடென்சியா போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஒரே வகை பெப்டைடு போதுமானதாக இருந்தது. இயற்கை கூட்டாக அடிக்கிறது. நாமும் கூட்டாகக் கொடுத்தால் போயிற்று.

அப்புறம் நைசின்? பாலாடைக்கட்டியில் பல பத்தாண்டுகளாகப் போடுகிறார்கள், 1969இலேயே உலக சுகாதார நிறுவனம் உணவுப் பாதுகாப்பானாக ஏற்றுக்கொண்டது. அதுவும் பாக்டீரியா தயாரிக்கும் பெப்டைடுதான். என்ன குடி முழுகிவிட்டது?

வெள்ளைக்கோட்டு:
நான் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப்போடும் வேலையில் இருக்கிறேன். சாஸ்லாஃப் கதையின் பின்பாதியை யாரும் சொல்லவில்லையே.

அந்தப் பெக்சிகனான் களிம்பை இந்தப் புண்களுக்குத்தான் முயன்றார்கள். வாயால் சாப்பிடும் ஆஃப்லாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டதில் ஏறத்தாழ அதற்குச் சமமாக வந்தது. ஆனால் 1999இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி மறுத்துவிட்டது. வேறொரு நிறுவனம் மறுபடி எடுத்து, இந்த முறை மருந்தே இல்லாத வெறும் களிம்போடு ஒப்பிட்டது. 2016இல் முடிவு வந்தது: வெறும் களிம்பைவிட மேல் என்று காட்ட முடியவில்லை.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. செத்த சதையைச் சீவி எடுத்து, சலைனில் கழுவி, அந்தக் காலில் பாரம் விழாதபடி செருப்பை மாற்றினாலே லேசான தொற்றுள்ள புண் பாதிக்கு மேல் தேறிவிடும். சதையைச் சீவும்போது ரத்தம் கசிந்தால் எங்களுக்கு நிம்மதி, கசியாவிட்டால்தான் கவலை. மேலே என்ன பூசினோம் என்பது அடுத்த பிரச்சினை. அதனால் முதலீட்டாளர் ஓடுவதற்குக் காரணம் சதி ஒன்றுமில்லை. தோலுக்கு மேலே பூசி ஜெயிக்க முடியவில்லை, நரம்பில் ஏற்றினால் ரத்தத்தில் உள்ள நொதிகள் வெட்டிவிடுகின்றன, தயாரிப்புச் செலவு வேறு.

தவளைப்பிரியன்:
நரம்பில் ஏற்றும் பெப்டைடு மருந்து இருக்கிறதே சார், கோலிஸ்டின். உங்கள் ஐசியுவில் தினமும் ஓடவில்லையா?

வெள்ளைக்கோட்டு:
ஓடுகிறது, வேறு எதுவும் கேட்காதபோது. சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டியிருக்கிறது.

ஆய்வக எலி:
கோலிஸ்டினை நீங்களே எடுத்துக் கொடுத்தீர்கள், நன்றி. உலக அளவில் நடந்துமுடிந்த பரிசோதனை அது. கோழிக்கும் பன்றிக்கும் சீக்கிரம் எடை ஏற டன் கணக்கில் தீவனத்தில் கலந்தார்கள். 2015 நவம்பரில் சீனாவிலிருந்து செய்தி வந்தது: எம்சிஆர்-1 என்ற மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிட் என்ற குட்டி டிஎன்ஏ வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது. அதற்குள் எத்தனை மூட்டை தீவனம் போயிருக்கும்!

அந்த மரபணு செய்வதும் அதே மின்னூட்டத் தந்திரம்தான். ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று 2023இல், எம்சிஆர்-1 உள்ள ஈ.கோலை கோலிஸ்டினை மட்டுமல்லாமல் மனிதன், பன்றி, கோழி ஆகியவற்றின் சொந்தப் பெப்டைடுகளையும் கூடுதலாகத் தாங்குகிறது என்று காட்டியது. 2012இலேயே, பெக்சிகனானுக்குப் பழகிய ஸ்டெஃபைலோகாக்கஸ் நம் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களில் உள்ள டிஃபென்சின் என்ற பெப்டைடையும் தாங்கியது என்று ஓர் ஆய்வு வந்திருந்தது. பென்சிலின் கேட்காமல் போனால் ஒரு மருந்து போனது. இது கேட்காமல் போனால் நம் வீட்டுப் பூட்டைத் திறக்கத் திருடனுக்கு நாமே பயிற்சி கொடுத்த கதை.

நைசினுக்கு வருகிறேன். அதன் அமைப்பும் அது பிடித்துக்கொள்ளும் இடமும் நம் பெப்டைடுகளிலிருந்து விலகியவை. அது மாதிரித் தேடினால் நான் எதற்குச் சண்டை போடப் போகிறேன்? மனிதப் பெப்டைடின் நகலைக் கிலோ கணக்கில் தயாரிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

தவளைப்பிரியன்:
சரி, வெளியிலிருந்து கொடுக்க வேண்டாம். உடம்பையே சுரக்க வைக்கலாமே? எல்எல்-37 என்ற நம் பெப்டைடின் மரபணுவை வைட்டமின் டி முடுக்கிவிடும் என்பது தெரிந்ததுதான். டாக்காவில் வயிற்றுப்போக்கு ஆய்வு மையத்து ஆட்கள் 2001இல் ஒன்றைக் கண்டார்கள்: ஷிகெல்லா சீதபேதி வந்தவர்களின் பெருங்குடலில் எல்எல்-37 அளவே குறைந்துபோயிருந்தது. கிருமி வந்ததும் முதல் வேலையாக நம் ஆயுதக் கிடங்கைப் பூட்டுகிறது! அதைத் திரும்பத் திறக்க பியூட்டிரேட் வகை மருந்துகளை அங்கேயே சோதித்தார்கள். காசநோய்க்கும் ஃபீனைல்பியூட்டிரேட்டும் வைட்டமின் டியும் வழக்கமான மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்ததில், முதல் மாதத்திலேயே சளிப் பரிசோதனை நெகடிவ் ஆனவர்கள் கூடுதல். கொல்லும் வேலையை உடம்பு செய்யும், நாம் தடையை மட்டும் எடுக்கிறோம். இதற்கும் ஆட்சேபமா?

ஆய்வக எலி:
இதற்குக் குறைவு. கால அளவு, இடம், கலவை மூன்றையும் உடம்பே முடிவு செய்கிறது என்பதால். ஆனால் வருடக்கணக்கில் தடுப்பு மருந்து மாதிரி எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று யாராவது கிளம்பினால் மறுபடி வருவேன்.

புலம்பல் மன்னன்:
வைட்டமின் டி வெயிலில் நின்றால் வராதா? எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்.

வெள்ளைக்கோட்டு:
வார்டுக்கு வந்து பாருங்கள் மன்னரே. வெயில் கொளுத்தும் ஊர்தான், ஆனால் பரிசோதனையில் டி குறைவு என்று வராதவர்கள் சொற்பம். முழுக்கை, கடை வேலை, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பது.

தவளை சார், டாக்கா ஆய்வுகளில் சர்க்கரை நோயாளிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்திருந்தால் இணைப்பைப் போடுங்கள். என்னிடம் வருகிற காசநோயாளிகளில் நிறைய பேருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.